முதுமையும் ஆடுகளமும்



காலை ஆறரை மணி. ஜப்பான் நாட்டு வானொலியில் பியானோ ஒலிக்கத் தொடங்குகின்றது. உடன் ஒருவர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிக்கொண்டே, கைகளை உயர்த்துமாறும், முழங்காலை மடக்குமாறும், உடலைப் பக்கவாட்டில் வளைக்குமாறும் கூறுகின்றார். பூங்காக்களிலும் கோயில் வளாகங்களிலும் பள்ளித் திடல்களிலும் கூடியிருப்போர் அவர்தம் சொல்லுக்கு இணங்கக் கைகால்களை அசைக்கின்றனர். பத்தே நிமிடம்; பிறகு ஒருவரையொருவர் வணங்கிக் கலைந்து செல்கின்றனர். அங்ஙனம் கூடுவோருள் நரைத்த தலையினரே மிகுதி.

இதற்கு ‘ராஜியோ தைஸோ’ என்று பெயர். வானொலி உடற்பயிற்சி என்பது பொருள். வானொலி நிலையத்திலிருந்து பேசும்போது வானொலியைப் புகழ்வது விருந்துக்குச் சென்ற வீட்டில் சமையலைப் புகழ்வது போலாகும் என்பதை அறிவேன். ஆயினும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. முதியோர் நலம் பற்றிப் பேசுவோர் இன்று ஜப்பானைச் சுட்டிக் காட்டுகின்றனர். அந்நாட்டு முதியோர் ஒன்றுகூடி உடலை வளைப்பதும் பந்தாடுவதும் அரசினரின் முன்யோசனையால் திட்டமிட்டு எழுந்தவை என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். வரலாற்றைப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. அவற்றுள் புகழ்பெற்ற இரண்டும் முதியோரை மனத்திற் கொண்டு தோன்றியவை அல்ல. ஒன்று இன்ஷூரன்ஸ் கணக்கில் பிறந்தது. மற்றொன்று ரப்பர்ப் பஞ்சத்தில் பிறந்தது.

ஆயுள் இன்ஷூரன்ஸின் கணக்கு எளியது. பணம் கட்டுபவர் நெடுநாள் வாழ்ந்தால் கம்பெனிக்கு இலாபம். விரைவில் இறந்தால் நட்டம். நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் இதை நன்கு உணர்ந்து, 1925ஆம் ஆண்டு முதல் தம் கட்டடத்துக் கோபுரத்திலிருந்தே காலைதோறும் வானொலி வழியே உடற்பயிற்சி கற்பித்தனர். ஜப்பானில் அஞ்சலகமே 1916ஆம் ஆண்டு முதல் ஏழை எளியவர்க்குச் சிறு தொகை ஆயுள் இன்ஷூரன்ஸ் அளித்து வந்தது. மருத்துவப் பரிசோதனை இல்லாமலே எவரையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் அது. சேர்ந்தோரின் உடல்நலத்தில் அஞ்சலகத்தார் எத்துணைக் கவலை கொண்டிருப்பர் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அமெரிக்கா சென்று கண்டு வந்த அலுவலர்கள் இம்முயற்சியைத் தம் நாட்டிலும் தொடங்க விரும்பினர். புதிய பேரரசரின் முடிசூட்டு விழா அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. 1928ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காலை ஏழு மணிக்கு, எகி ரியிச்சி என்னும் அறிவிப்பாளரின் குரலில் முதற் பயிற்சி ஒலிபரப்பாயிற்று. பத்தாண்டுக்கு மேலாக அக்குரலே நாட்டை எழுப்பியது. வானொலிப் பெட்டி அன்று எல்லார் வீட்டிலும் இல்லை. கடிதம் கொண்டு செல்லும் அஞ்சற்காரர்களே பயிற்சிப் படங்கள் அச்சிட்ட தாள்களையும் ஊர் ஊராகக் கொண்டு சென்றனர்.

இத்தனை ஏற்பாடு செய்த அஞ்சலகத்தாருக்குத் தோன்றாத ஒன்று, 1930ஆம் ஆண்டில் டோக்கியோ நகரத்துக் காண்டா பகுதியில் பணிபுரிந்த ஒரு போலீஸ்காரருக்குத் தோன்றியது. கோடை விடுமுறையில் சிறுவர்கள் நேரங்கழித்து எழுந்து திரிவதைக் கண்ட அவர், காலையில் அவர்களை ஓரிடத்தில் கூட்டி, வானொலிக்கு ஏற்பப் பயிற்சி செய்ய வைத்தார். ‘அதிகாலை வானொலிப் பயிற்சிச் சங்கம்’ என்னும் வழக்கம் அங்கே தோன்றியது என்று அப்பகுதியில் இன்று நினைவுக்கல் நாட்டியிருக்கின்றனர். அது பிற ஊர்களுக்கும் பரவியது. சிறுவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. வந்த நாளுக்கு ஒரு முத்திரை. விடுமுறை முடிவில் அட்டை நிறைந்திருந்தால் சிறு பரிசு. வீட்டுக்குள் தனியே நின்று வானொலிக்குக் கையசைத்துக் கொண்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்து சேர்ந்து நின்றது இச்சங்கங்களால்தான்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்தவன் நான். அந்த முத்திரை அட்டையின் அருமை எனக்கு விளங்குகின்றது. என் பயிற்சிக் கல்லூரியில் உளநூல் கற்பித்த ஆசிரியர், மாணவன் பள்ளிக்கு வருவது பாடத்துக்காக அன்று, தன் பெயர் அழைக்கப்படுவதற்காக என்பார். அன்று அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்தேன்.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2011ஆம் ஆண்டில் ஒரு சிற்றூரில் தலைமையாசிரியராக இருந்தேன். ஒரு நாள் மாலை ஐந்து பெரியவர்கள் என் அறைக்கு வந்தனர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், நெசவாளர் ஒருவர், மளிகைக் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டவர் ஒருவர், உழவர் இருவர். பேசியவர் தபால்காரர்தாம். “ஐயா, ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நடக்க முடியவில்லை. காலையில் ஒரு மணி நேரம் பள்ளிக்கூடத்துத் திடலில் நடந்துகொள்கிறோம். மணி அடிப்பதற்குள் போய்விடுவோம்” என்றார். நான் மறுத்துவிட்டேன். வெளியார் நடமாட்டத்தால் பொருள் களவு போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்றும், விதிகளில் இடமில்லை என்றும் கூறினேன். அங்ஙனம் ஒரு விதி உண்டா என்று நான் பார்க்கவே இல்லை. அவர்கள் சென்றபின், பள்ளி நேரத்திற்கு முன் வெளியார் எவரையும் அனுமதிக்கலாகாது என்று ஓர் உத்தரவு எழுதிக் காவற்காரரிடம் கொடுத்தேன். அதன் பயனைப் பின்னர்ச் சொல்வேன்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். நற்செயலைத் தீயோர் கைக்கொள்வதும் வரலாற்றில் உண்டு. 1930களின் இறுதியில் போர்வெறி நாட்டைப் பற்றியபோது, காலைப் பயிற்சி ஆட்சியாளரின் கருவியாயிற்று. கொடி ஏற்றி, பேரரசரின் அரண்மனைத் திசை நோக்கி வணங்கி, ஒரே குரலுக்கு ஒரு நாடே கையுயர்த்த வேண்டும் என்றாயிற்று. ஜப்பானியப் படைகள் சென்ற இடமெல்லாம் அப்பயிற்சியும் சென்றது. 1942 முதல் 1945 வரை சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பள்ளிப் பிள்ளைகள் காலையில் ‘தைஸோ’ செய்தாக வேண்டியிருந்தது. நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். அத்தலைமுறையினருக்கு அச்சொல் உடல்நலத்தை நினைவூட்டுவதைவிட அச்சத்தையே மிகுதியும் நினைவூட்டியிருக்கும்.

போரில் தோற்ற ஜப்பானை ஆள வந்த அமெரிக்கப் படைத்தலைமைக்கு இப்பயிற்சி பிடிக்கவில்லை. கட்டளைக்குப் பலர் சேர்ந்து அசைவது படைப்பயிற்சியின் சாயல் என்று கருதினர். பழைய முறையை மாற்றி 1946இல் ஒரு புதிய முறையை ஒலிபரப்பினர். அது கடினமாக இருந்தமையால் மக்கள் விரும்பவில்லை. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் நிகழ்ச்சி அடியோடு நின்றது. நான்காண்டு இடைவெளிக்குப்பின், 1951ஆம் ஆண்டு மே மாதத்தில், பதின்மூன்று அசைவுகள் கொண்ட எளிய பயிற்சியாக அது மீண்டது. கொடியும் வணக்கமும் போயின. பியானோவும் எண்ணிக்கையும் எஞ்சின. இன்று ஒலிப்பது அந்த 1951ஆம் ஆண்டுப் பயிற்சியே. அன்று பத்து வயதில் முத்திரை அட்டையோடு ஓடியவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். உடலுக்கு மறதி இல்லையாதலின் பியானோ ஒலித்ததும் கை தானே எழுகின்றது.

வானொலிப் பயிற்சி நின்றுபோன அதே 1947ஆம் ஆண்டில், நாட்டின் வட கோடியில் உள்ள ஹோக்கைடோத் தீவில், மெமுரோ என்னும் ஊரில், ஸுஸுகி என்பவர் ஒரு புதிய விளையாட்டை அமைத்தார். போர் முடிந்து ஈராண்டே ஆகியிருந்தது. ரப்பர் கிடைக்கவில்லை, ஆதலால் பிள்ளைகளுக்குப் பந்தும் கிடைக்கவில்லை. ஹோக்கைடோவில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலேயர் தம் புல்வெளிகளில் மரச்சுத்தியால் மரப்பந்தை அடித்து வளையங்களுக்குள் செலுத்தும் குரோக்கே என்னும் ஆட்டத்தைச் சுருக்கி, அவர் பிள்ளைகளுக்கு ஏற்றதாக்கினார். ‘கேட்பால்’ என்று பெயரிட்டார். வாயிற்பந்து என்று நாம் கூறலாம்.

அவர் முதியோரை எண்ணாததில் வியப்பில்லை. அவ்வாண்டில் ஜப்பானிய ஆடவரின் சராசரி ஆயுள் 50. பெண்டிரின் ஆயுள் 54. முதுமை என்பது சிலருக்கே கிட்டிய பேறு. அதே 1947இல், ஹியோகோ மாநிலத்து நொமதானி என்னும் சிற்றூரார், அறுவடை வேலை குறைந்த செப்டம்பர் நடுவில் ஒரு நாளை முதியோர் நாளாகக் கொண்டாடினர். அவர்கள் முதியோர் என்று விருந்துக்கு அழைத்தது 55 வயதைக் கடந்தோரை! அச்சிற்றூர் விழாவே வளர்ந்து 1966இல் நாடு முழுவதற்கும் அரசு விடுமுறையாயிற்று.

இருபதாண்டுகளுக்குள் காட்சி மாறிவிட்டது. காசநோய் அடங்கிற்று, உணவு பெருகிற்று, ஆயுள் நீண்டது. ஆனால் ஆலைகளும் அலுவலகங்களும் 55 வயதில் மக்களை வீட்டுக்கு அனுப்பும் பழைய வழக்கத்தை எளிதில் விடவில்லை. பிள்ளைகளோ வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். காலையில் எழுந்தால் செல்ல வேண்டிய இடமில்லாத மக்கள், ஒரு நாட்டில் முதன்முறையாக இலட்சக்கணக்கில் தோன்றினர். 1963இல் இயற்றப்பட்ட முதியோர் நலச் சட்டம், ஊர்தோறும் இருந்த முதியோர் சங்கங்களுக்கு அரசின் கை கொடுத்தது. சங்கம் இருந்தது, கூடி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தென்பகுதியில் கியூஷூத் தீவின் குமமோட்டோவில் 1960களில் முதியோர் அந்தச் சிறுவர் ஆட்டத்தை எடுத்து ஆடலாயினர். 1970களில் அது நாடெங்கும் பரவியது. சிறுவர்களுக்கு அதற்குள் ரப்பர்ப் பந்து கிடைத்துவிட்டது. அவர்கள் பேஸ்பால் ஆடப் போய்விட்டனர்.

ஆட்டத்தை இங்குச் சற்று விரித்துரைக்க வேண்டும்; அதன் வெற்றிக்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கின்றது. களம் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நம் ஊர்க் கோயில் முன்றிலே போதும். மூன்று சிறு வாயில்கள். நடுவில் ஒரு கம்பம். அணிக்கு ஐவர். பத்துப் பந்துகள், ஒற்றை எண்ணுடைய ஐந்தும் சிவப்பு, இரட்டை எண்ணுடைய ஐந்தும் வெள்ளை. ஒன்று முதல் பத்து வரை எண் வரிசையில் ஒவ்வொருவரும் தம் பந்தை அடிப்பர். வாயில் ஒன்றைக் கடந்தால் ஒரு புள்ளி. மூன்றையும் கடந்து கம்பத்தில் பட்டால் மேலும் இரண்டு. ஆக ஒருவருக்கு ஐந்து, அணிக்கு இருபத்தைந்து. அரைமணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ஓட வேண்டியதில்லை, குதிக்க வேண்டியதில்லை. வலிமையுடையவர் வெல்வார் என்பதும் இல்லை. எழுபது வயது மூதாட்டி ஐம்பது வயது ஆடவரை எளிதில் தோற்கடிக்கலாம்.

நடுவர் எண்ணைக் கூவுகின்றார். கூவியதும் பத்து விநாடிக்குள் அடிக்க வேண்டும். ‘ஏழு’ என்றால் ஏழாம் எண்ணுடையவர் முன்வந்தாக வேண்டும். வேறொருவர் நினைத்தபோது அவருடைய பந்தை அடித்துவிட முடியாது. ஐவருள் ஒருவர் காலையில் வரவில்லையென்றால் மற்ற நால்வரும் திண்டாடுவர். ஆதலின் ஆள் அனுப்பிக் கேட்பர். ஓய்வுபெற்ற மனிதருக்கு இதைவிட அரிய பொருள் வேறில்லை என்பதை ஓய்வுபெற்றவர்களே அறிவர். பணியில் இருந்த நாளில் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஊரே கேட்கும். ஓய்வு பெற்றபின் ஒரு மாதம் வெளியே வராவிட்டாலும் கேட்பார் இலர். முழங்கால் நலத்தையும் இரத்த ஓட்டத்தையும் மருத்துவர் கூறட்டும். முதியோரை விடியலில் வீட்டைவிட்டுக் கிளப்பியது அந்த எண்தான் என்பது என் துணிபு.

ஊருக்கு ஊர் விதிகள் வேறுபட்டுப் பூசல் விளைந்தமையால் 1984இல் நாடு தழுவிய ஒரே சங்கம் அமைத்து விதிகளை ஒன்றாக்கினர். அடுத்த ஆண்டே உலகச் சங்கமும் அமைந்தது. ஜப்பானியர் குடியேறிய பிரேசில் நாட்டிலும், கொரியா, சீனா, தைவான் முதலிய இடங்களிலும் ஆட்டம் வேரூன்றியது. 1988இல் முதியோருக்கென்றே நாடளாவிய விளையாட்டு விழா ஒன்றும் தொடங்கிற்று. அதன் பெயர் ‘நென்ரின்பிக்’. நென்ரின் என்பது மரத்தின் வயதைக் காட்டும் உள்வளையம். அதனோடு ஒலிம்பிக்கை ஒட்டவைத்துவிட்டனர். அறுபது நிறைந்தவர்க்கே அதன் களங்களில் இடம். பெயரிட்டவர் யாராயினும் அவர் ஒரு கவிஞராதல் வேண்டும்.

வாயிற்பந்தின் புகழ் அவ்வளவில் நிற்கவில்லை. அதன் தேய்வும் அங்கேயே தொடங்கிற்று. இந்த ஆட்டத்தில் ஒரு கொடுமை உண்டு. தம் பந்தால் எதிரியின் பந்தைத் தொட்டவர், அதைத் தம் பந்தோடு சேர்த்து வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு அடித்து, களத்திற்கு வெளியே விரட்டிவிடலாம். யாரை விரட்டுவது என்று தலைவர் கட்டளையிடுவார். விரட்டப்பட்டவர் அடுத்த வீட்டுக்காரராக இருப்பார். அடி தவறியவரைத் தலைவர் கடிந்துகொள்வார். ஆட்டம் அரைமணியில் முடிந்தாலும் மனத்தாங்கல் முடியவில்லை. ஒரு காலத்தில் தொழிற்சாலையில் மேலாளராக இருந்தவர் களத்திலும் மேலாளராகவே நடந்துகொண்டால் யார் பொறுப்பர்? பலர் விலகினர். டோட்டோரி மாநிலத்துத் தொமாரி என்னும் ஊரில் 1982இல் தோன்றிய ‘கிரவுண்ட் கோல்ஃப்’ அவர்களை ஈர்த்தது. அதில் அணியில்லை, தலைவர் இல்லை, எதிரியின் பந்தை விரட்டுவதும் இல்லை. எத்தனை பேராயினும் ஆடலாம். முதலடியிலேயே பந்தை இலக்கில் சேர்த்தவருக்கு மொத்த அடிகளில் மூன்றைக் கழித்துவிடுவர். ஆகவே கடைசியில் இருப்பவருக்கும் நம்பிக்கை இருந்துகொண்டே இருக்கும்.

இது நல்ல மாற்றமே என்று பலர் எழுதுகின்றனர். எனக்குச் சிறிது ஐயம் உண்டு. எவருக்கும் தீங்கு செய்யாத ஆட்டத்தில், நாம் வராவிட்டால் எவருக்கும் தீங்கில்லை என்பதும் அடங்கியிருக்கின்றது அன்றோ? பூசலிடுவதற்கும் ஓர் ஆள் வேண்டும். முதுமையில் அந்த ஆளும் குறைந்துகொண்டே வருகின்றார். எனினும், பூசலை விரும்பாது வீட்டிலேயே அமர்ந்துவிட்டவரைக் கிரவுண்ட் கோல்ஃப் வெளியே அழைத்து வந்தது என்பதை மறுக்கலாகாது.

இதற்கிடையே முதியோர் தொகை பெருகிக்கொண்டே சென்றது. 1970இல் 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு ஏழு பேர். 1994இல் பதினான்கு பேர். இன்று ஏறத்தாழ இருபத்தொன்பது பேர். உலக முதியோர் ஆண்டாகிய 1999இல், நாற்காலியில் அமர்ந்தபடியும் செய்யத்தக்க புதிய பயிற்சி ஒன்றை வானொலியார் அமைத்தனர். எழுபதாண்டுகளுக்கு முன் இன்ஷூரன்ஸ் கணக்கில் பிறந்த நிகழ்ச்சி, அன்றுதான் முதியோரைப் பெயர் சொல்லி அழைத்தது. நூறு வயது நிறைந்தோருக்கு அரசு வெள்ளிக் கிண்ணம் அளிக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1963இல் அது தொடங்கியபோது நாடு முழுவதிலும் நூறு வயதினர் 153 பேர். 2025இல் 99,763 பேர். கிண்ணத்தின் செலவு தாங்காமல், 2016 முதல் தூய வெள்ளியை விடுத்து வெள்ளி முலாம் பூசிக் கொடுக்கின்றனர். இவ்வளவு பேர் நூறு வயது வாழ்வதற்கு உணவும் மருத்துவமும் முதற் காரணங்கள். ஆடுகளத்தால் மட்டும் ஆயுள் நீண்டது என்று நான் கூறவரவில்லை. நீண்ட ஆயுளைக் கொண்டு என்ன செய்வது என்னும் கேள்விக்குத்தான் களத்தில் விடை இருந்தது.

இனி, விட்ட இடத்திற்கு வருகிறேன். ஓய்வுபெற்ற இரண்டாம் ஆண்டில் எனக்குச் சர்க்கரை நோய் கண்டது. நாள்தோறும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். சாலையில் லாரிகள் முன்னைவிடப் பெருகியிருந்தன. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் பழைய பள்ளியின் வாயிலில் போய் நின்றேன். அதே காவற்காரர் எழுந்து வணங்கினார். சாவியை மட்டும் எடுக்கவில்லை. “ஐயா தப்பா நினைக்கக் கூடாது. வெளியாளை விடக்கூடாதுன்னு எழுத்து மூலமா இருக்கு. கையெழுத்து உங்களோடதுதானுங்க” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கேலி இல்லை, வருத்தமே இருந்தது. அது எனக்குக் கேலியினும் கடுமையாக இருந்தது.

அந்நாளில் அங்கே தலைமையாசிரியையாக இருந்தவர் என்னிடம் உதவியாசிரியராகப் பணியாற்றியவர். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி, காலை ஐந்தரை முதல் ஏழு வரை வாயிலைத் திறந்துவிட ஏற்பாடு செய்தார். அதற்கு எந்த விதியும் தடையாக நிற்கவில்லை. இப்போது பதினான்கு பேர் வருகின்றோம். அவர்களுள் மூவர் பெண்கள். மரப்பந்தும் சுத்தியும் எங்களிடம் இல்லை. எங்கள் பழைய டிரில் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து எண்ணுகின்றார், நாங்கள் கையுயர்த்துகின்றோம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் பெயர்கள் எழுதியிருக்கின்றன. வராதவர் வீட்டுக்கு ஏழு மணிக்குத் தொலைபேசி போகும்.

2011இல் என் அறைக்கு வந்த ஐவருள் மூவர் இன்று இல்லை. எஞ்சிய இருவரும் முதல் நாளே வந்து சேர்ந்தனர். தபால்காரர் அவ்விருவருள் ஒருவர். நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெயர் அழைப்பவர் அவர்தாம். என் பெயர் அதில் பதினொன்றாவது.